கேட் போட்டிருந்த நேரம்

அறுபது நாற்காலி வாடகைக்குக் கேட்டேன்.
"காதுகுத்தா, நிச்சயமா?" என்றார் பந்தல்கடை தேசப்பன்.
"கம்பெனி ஆரம்பிச்சவங்களும் பணம் போடுறவங்களும்
சந்திக்கிற கூட்டம்."
கொஞ்சம் யோசித்தார்.
"அப்போ நாப்பது போதும்"
என்று இறக்கிவிட்டுப் போனார்.

தண்டையார்பேட்டையில் ஒரு கேரம் கிளப் மாடி.
மாதம் ஒரு ஞாயிறு பலகைகளைச் சுவரோரம் சாய்த்துத் தருகிறார்கள்.
தரையெல்லாம் போரிக் பவுடர்.
ஓசூர் ஷூ, ஆம்பூர் ஷூ, அடையாறு ஷூ
எதுவானாலும் வெள்ளையாகத்தான் படியிறங்கும்.

என் நோட்டில் முப்பத்தெட்டு மாவட்டம், ஆளுக்கொரு பக்கம்.
கோயம்புத்தூருக்குத் தாள் ஒட்டியாயிற்று.
அரியலூரில் ஒரே பெயர், அதுவும் போன் எடுப்பதில்லை.
நாகப்பட்டினத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்:
அந்தப் பையன் கம்பெனியை மூடினான்,
பிறகு திறந்தான்.

"கிண்டியில் ஏசி ஹால் இருக்கே, ஏன் இங்கே?"
பெரம்பூரில் இறங்கினால் பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
உண்மையில் என் வீடு இரண்டு தெரு தள்ளி.
அப்புறம்,
பணம் உள்ளவர்கள் ஒரு தடவையாவது
பாலம் தாண்டி வரட்டுமே என்கிற
அற்ப ஆசை.

பதினொரு மணிக்குப் பதினான்கு பேர்.
பணம் போடுகிறவர் ஒருவரும் இல்லை.
காசிமேட்டு டயானா தன் ஐஸ் பெட்டியைத் திறந்து
உள்ளே மினுக்கும் வெப்பமானியை
ஆம்பூர் ஷமீலாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.
நான் வாசலையும் சுண்டலையும் மாறிமாறிப் பார்த்தேன்.
சுண்டல் குறைந்துகொண்டே வந்தது.

யமுனா செல்லப்பன் போனில்:
"கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருக்கு."
அவ்வளவுதான், என்று நினைத்தேன்.
இங்கிருந்தே திரும்பிப் போனவர்கள் உண்டு.

அவர் காருக்குப் பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ.
அதில் விடிகாலை எழும்பூரில் இறங்கிய வேலாயுதப் பெருமாள்,
மடியில் துண்டு சுற்றிய ஒரு பெட்டி.
கோவில்பட்டித் தீப்பெட்டி அறைகளில் ஈரத்தை அளப்பது.
"என்னங்க அது, குழந்தை மாதிரி பிடிச்சிருக்கீங்க?"
கண்ணாடியை இறக்கிக் கேட்டிருக்கிறார்.
இன்ஜின் தாண்டும்போது அவன் சொல்லத் தொடங்கி
கார்டு பெட்டி வருவதற்குள் அவர் மூன்று கேள்வி கேட்டு,
மூன்றாவதற்கு அவனிடம் பதில் இல்லாமல்,
கேட் திறக்கும் என்று இருவரும் நிமிர்ந்தபோது
எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்ஸ்.
அந்த ஐம்பத்தெட்டு வேகன்தான்
எங்கள் மூன்று வருடத்தில்
மிக நீளமான கூட்டம்.

சண்டை போட்டுக்கொண்டே மாடியேறினார்கள்.
உட்காரும் முன்பே யமுனா சொன்னார்:
"நான் பணம் போடப் போறதில்லை. மீட்டர் நல்லது,
விலை தப்பு.
சாத்தூரில் ஒருத்தர் இருக்கார், நம்பர் தர்றேன்.
பத்து மாட்டிப் பாருங்க,
ஒரு மழைக்காலம் ஓடட்டும், அப்புறம் கூப்பிடுங்க."

வருடக்கணக்கில் 'பார்க்கலாம்' கேட்டுப் பழகிய அறை
ஒரு சுத்தமான 'இல்லை'யைக் கேட்டு
நிமிர்ந்து உட்கார்ந்தது.
பெருமாள் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.
வியர்வையில் கடைசி எண் கலைந்து
மறுபடி கேட்கப் போனான்.
கூச்சப்படவில்லை.

இரவு நோட்டைத் திறந்தேன்.
கோவில்பட்டி தூத்துக்குடிப் பக்கத்தில்,
சாத்தூர் விருதுநகரில்.
கோடு போட்டு இணைக்க முடியாது,
நடுவில் நிறையத் தாள் கிடக்கிறது.
இரண்டின் மூலையையும் மடித்துவைத்தேன்.

கேட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டத்தை வைத்தால் என்ன
என்று ஷமீலா கேட்டது விளையாட்டுக்குத்தான்.
இருந்தாலும் மறுநாள் போய்
கேட்மேனிடம் விசாரித்தேன்,
எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று.
"கூட்ஸுக்கு டைமா?" என்று சிரித்தவர்,
"தள்ளி நில்லும்மா"
என்று பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.